ரெயில்வே குமாஸ்தாவாக இருந்த நாகேஷ்

மும்பையில் ஆபீஸ் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அடிக்கடி நேரும் அனுபவம் இது. மதிய சாப்பாட்டு வேளை. பக்கத்து மேஜைக்காரர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பழைய இந்திப் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். சினிமா எடுத்தே தீருவேன் என்று நிற்கும் மகன். பணத்தை அவிழ்க்க மனமில்லாத அப்பா. மகன் தன் படக் கதையை நடித்துக் காட்ட, அப்பா பயந்து நடுங்க... சொல்பவருக்கே சிரிப்பு வந்து, கதை பாதியில் நின்றுவிடும். "மெகமூத் மாதிரி யாராலும் செய்ய முடியாது!" என்று முடிப்பார்.

மெகமூத் பெரிய நடிகர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வேடத்தை முதலில் செய்தவர் நம் நாகேஷ்!

ஒரு வேடம் அல்ல, நான்கு படங்கள். 1964-ல் தமிழில் வந்த 'காதலிக்க நேரமில்லை', 1966-ல் இந்தியில் 'பியார் கியே ஜா' ஆயிற்று. இரண்டையும் எடுத்தவர் டைரக்டர் ஸ்ரீதர். 'சர்வர் சுந்தரம்' 1971-ல் 'மைன் சுந்தர் ஹூம்' ஆயிற்று. 'எதிர்நீச்சல்' அதே 1971-ல் 'லாக்கோன் மே ஏக்' என்று வந்தது. 'அனுபவி ராஜா அனுபவி' 1973-ல் 'தோ பூல்' ஆயிற்று. நான்கிலும் தமிழில் நாகேஷ் செய்த வேடத்தை இந்தியில் செய்தவர் மெகமூத். 'பியார் கியே ஜா' வேடத்துக்காக அவருக்கு 'பிலிம்பேர்' பரிசும் கிடைத்தது.

வடநாடு முழுவதும் சிரித்த அந்த வேடங்களுக்கு மூலகர்த்தாவான நாகேஷ், ஒரு காலத்தில் சென்னையில் ரெயில்வே குமாஸ்தா. காலையில் ஆபீசுக்குப் போய்ப் பேரேட்டில் எழுதிவிட்டு, மாலையில் நாடக ஒத்திகைக்கு ஓடியவர்.

தாராபுரத்துப் பையன்

நாகேஷ் 1933-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பிறந்தவர். சொந்த ஊர் தாராபுரம். அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. வீட்டில் பேசும் பாஷை கன்னடம். தந்தை பெயர் கிருஷ்ணராவ். தாயார் ருக்மணி அம்மாள். தமிழ்நாட்டையே தமிழ் பேசிச் சிரிக்க வைத்தவருக்குத் தாய்மொழி கன்னடம் என்பது பலருக்குத் தெரியாது.

கோவை பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். படிக்கும் காலத்தில் அம்மை போட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் முகம் முழுவதும் தழும்பு விழுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் அம்மைத் தழும்பு என்றால் என்ன என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போனாலும், வேலைக்குப் போனாலும், எதிரே இருப்பவரின் பார்வை முதலில் அந்தத் தழும்பில்தான் விழும். கண்ணாடியில் முகம் பார்க்கவே மனம் கூசும். ஒல்லியான உடம்பு வேறு. இந்த முகத்தோடும் இந்த உடம்போடும் ஒரு வாலிபன் 'நான் நடிகன் ஆகப் போகிறேன்' என்று சொன்னால், வீட்டில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவை இல்லை.

வீட்டை விட்டு வெளியேறினார். சின்னச் சின்ன வேலைகள் செய்தார். கடைசியில் சென்னையில் ரெயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

ரெயில்வே வேலை என்றால் சாமானியமா? முதல் தேதி பிறந்தால் சம்பளம். ஊருக்குப் போய்வர இலவசப் பாஸ். வியாதி வந்தால் ரெயில்வே ஆஸ்பத்திரி. பெரும்பாலோர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஓய்வு பெறும் வரை எழுந்திருப்பது இல்லை. நாகேஷ் எழுந்தார். அதற்குக் காரணம் ஒரு வயிற்றுவலி.

வயிற்றுவலிக்காரன் வேடம்

ரெயில்வே ஊழியர்கள் நாடகம் போடுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்ல. பெரிய ரெயில்வே ஊர் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு 'இன்ஸ்டிட்யூட்' இருக்கும். அதில் ஒரு மேடை இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அங்கே திரை ஏறும். பார்சல் குமாஸ்தா ராஜாவாக வருவார். கணக்குப் பிரிவுக்காரர் மந்திரியாக வருவார்.

சென்னையில் ரெயில்வே ஊழியர்களின் நாடகத்தில் தனக்கும் ஒரு வேடம் வேண்டும் என்று நாகேஷ் கேட்டார். கிடைத்தது ஒரு துண்டு வேடம். டாக்டரிடம் வரும் வயிற்றுவலி நோயாளி. வர வேண்டும், வலி என்று சொல்ல வேண்டும், போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாடகத்துக்குத் தலைமை வகிக்க வந்தவர் எம்.ஜி.ஆர். நாகேஷ் மேடைக்கு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். உடம்பு ஒரு பக்கம் வளைந்தது, கால் ஒரு பக்கம் இழுத்தது, முகம் கோணியது. கொட்டகை குலுங்கியது. எம்.ஜி.ஆர். பேசும்போது கதாநாயகனை விட்டுவிட்டு, இந்த வயிற்றுவலிக்காரரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

மேடையில் நின்றது சில நிமிஷம்தான். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் நாகேஷுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. எந்த முகத்தைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டதோ, அந்த முகத்தை அசைத்தால் ஆயிரம் பேர் சிரிக்கிறார்கள்!

பிறகு 'டாக்டர் நிர்மலா' என்ற நாடகத்தில் 'தை தண்டபாணி' என்ற வேடம் கிடைத்தது. அந்த வேடம் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அவர் பெயரே 'தை நாகேஷ்' ஆகிவிட்டது.

கிளப் ஹவுஸ் அறை

அந்த நாட்களில் நாகேஷ் தங்கி இருந்தது சென்னை தியாகராய நகரில் 'கிளப் ஹவுஸ்' என்ற விடுதி. மும்பைக்கு வந்த புதிதில் ஒரே அறையில் நாலைந்து பேராகப் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரியும். ஒருவர் சம்பளத்தில் இன்னொருவர் சாப்பிடுவது. ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு 'சான்ஸ்' கேட்கப் போவது.

அதே விடுதியில் இருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருந்து பாட்டு எழுத வந்தவர். அவர்தான் கவிஞர் வாலி. இன்னொருவர் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தவர். அவர்தான் பின்னாளில் 'வெண்ணிற ஆடை' படத்தில் அறிமுகமான ஸ்ரீகாந்த்.

மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் உண்டு. பாட்டு எழுத வந்தவருக்கு அதுவும் இல்லை. மூன்று பேரும் ஒரு நாள் சினிமாவில் பெயர் வாங்குவார்கள் என்று அன்று யாராவது சொல்லி இருந்தால், பக்கத்து அறைக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

புது ரக நடிகர்கள்

நாகேஷின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து நாடக உலகைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்பு சினிமாவுக்கு வந்த நடிகர்களில் பெரும்பாலோர் 'கம்பெனி' நாடகத்தில் இருந்து வந்தவர்கள். சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, வாத்தியாரிடம் அடி வாங்கிப் பாடமும் பாட்டும் கற்றவர்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், எம்.ஆர்.ராதா, டி.எஸ்.பாலையா எல்லோரும் அந்த வழியில் வந்தவர்களே.

1950-களில் சென்னையில் வேறு ஒரு கூட்டம் தலையெடுத்தது. இவர்கள் ஆபீஸ்காரர்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். மாலை 5 மணிக்கு ஆபீசை விட்டதும் ஒத்திகை. சனி, ஞாயிறுகளில் சபாவில் நாடகம். இவர்களுக்குப் பாடத் தெரியாது. ராஜா வேஷம் கட்டி அடுக்கு வசனம் பேச வராது. ஆனால் பஸ்சில், ஓட்டலில், ஒண்டுக்குடித்தனத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அதையே மேடைக்குக் கொண்டு வந்தார்கள்.

நாகேஷ் இந்தக் கூட்டத்தில் இருந்து சினிமாவுக்குப் போனவர். இரண்டு பள்ளிகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட காட்சியைப் பார்க்க வேண்டுமானால், 'காதலிக்க நேரமில்லை' படத்தில் செல்லப்பா தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியைப் பார்க்க வேண்டும். 'ஓஹோ புரொடக்சன்ஸ்' முதலாளி செல்லப்பாவாக நாகேஷ். அப்பா விசுவநாதனாக பாலையா. கதை சொல்பவர் ஆபீஸ் நாடகத்தில் வளர்ந்தவர். கேட்பவர் கம்பெனி நாடகத்தில் வளர்ந்தவர். நாகேஷ் குரலாலும் கையாலும் காட்டையும் இருட்டையும் பேயையும் உண்டாக்குகிறார். பாலையா பேசுவதே கொஞ்சம். முகம்தான் பேசுகிறது. யார் பெரியவர் என்று இன்றுவரை தீர்ப்புச் சொல்ல முடியவில்லை!

ஒரு முழம் ஒரு முழமாக

நாகேஷ் நடித்த முதல் படம் 'தாமரைக்குளம்'. 1959-ல் வந்தது. டைரக்டர் முக்தா சீனிவாசன். படம் வந்ததும் புகழ் வந்துவிடவில்லை. சின்னச் சின்ன வேடங்கள். ரெயில்வே உத்தியோகத்தை விட்டாயிற்று. மாதம் பிறந்தால் கையில் விழும் சம்பளம் இல்லை.

1962-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் சோகக் கதை. அதில் ஆஸ்பத்திரி ஊழியராக வந்த நாகேஷ், அழுதுகொண்டிருந்த ஜனங்களைச் சிரிக்க வைத்தார். அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. எம்.ஜி.ஆர். படத்திலும் நாகேஷ். சிவாஜி படத்திலும் நாகேஷ். 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் அவர். அதே வருஷம் 'திருவிளையாட'லிலும் அவர். இரண்டு ரசிகர் கூட்டமும் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், இரண்டு கொட்டகையிலும் கைதட்டல் வாங்கியவர் அவர்.

'திருவிளையாடல்' தருமியை மறக்க முடியுமா? பாண்டிய மன்னன் ஆயிரம் பொற்காசு பரிசு அறிவிக்கிறான். பாட்டு எழுதத் தெரியாத ஏழைப் புலவன் கோவிலில் நின்று தனக்குத் தானே புலம்புகிறான். படத்தில் அந்த வேடம் வருவது கொஞ்ச நேரம்தான். எதிரே சிவபெருமானாக நிற்பவர் சிவாஜி. அந்தச் சிவாஜியையே ஒரு கணம் மறக்க வைத்தார் நாகேஷ். காட்சியைப் போட்டுப் பார்த்த சிவாஜி, 'இதில் ஒரு அடிகூட வெட்டக் கூடாது' என்று டைரக்டர் ஏ.பி.நாகராஜனிடம் சொன்னதாகப் பட உலகில் இன்றும் சொல்வது உண்டு.

தருமியைப் பார்த்து நாம் ஏன் இவ்வளவு சிரிக்கிறோம்? அவன் முட்டாள் என்பதால் அல்ல. அவனுக்குப் பணம் தேவை என்பதால். கடன்காரனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகும் மனிதனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில சமயம் நாமே அந்த மனிதனாகவும் இருந்திருக்கிறோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. அதே நாகராஜன், அதே சிவாஜி. இந்த முறை நாகேஷ் செய்தது சவடால் வைத்தி. பெரிய மனிதர்களிடம் ஒட்டிக்கொண்டு காரியம் சாதிக்கும் தரகன். தருமியைப் பார்த்து இரக்கப்பட்ட அதே ஜனங்கள், வைத்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். முகம் ஒன்றுதான், தழும்பும் அதே தழும்புதான்.

இரண்டு குமாஸ்தாக்கள்

நாகேஷின் வாழ்க்கையில் மிக முக்கியமான சந்திப்பு, இன்னொரு ஆபீஸ்காரருடன் ஏற்பட்டது. அவர் பெயர் கே.பாலசந்தர். சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் வேலை. மாலையில் நாடகம் எழுதுவார். 'ராகினி ரிக்ரியேஷன்ஸ்' என்ற அவருடைய குழுவில் இருந்தவர்களும் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களே.

மற்றவர்கள் நாகேஷைப் பார்த்துக் 'காமெடி' என்றார்கள். பாலசந்தர் அந்த முகத்தில் வேறு எதையோ பார்த்தார். நாகேஷை மனதில் வைத்தே ஒரு நாடகம் எழுதினார். அதுதான் 'சர்வர் சுந்தரம்'.

ஓட்டலில் பரிமாறும் சுந்தரத்துக்கு அழகு இல்லை. ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள் மனம் அவனுடைய நண்பனிடம் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. சினிமாவில் சேர்ந்து பெரிய நடிகன் ஆகிறான். ஊரே கொண்டாடுகிறது. ஆனால் பெற்ற தாய் சாகக் கிடக்கும்போது அவனால் உடனே போக முடியவில்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் பெயர் வாங்கிய இந்த நாடகத்தை ஏவி.எம். 1964-ல் படமாக எடுத்தது. டைரக்ட் செய்தவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு. கையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நிற்கும் நாகேஷ் படத்தை அந்தக் காலத்தில் பார்க்காத ஓட்டல் தொழிலாளி இல்லை.

ஓட்டல் சர்வர் கதாநாயகன்! அதுவரை தமிழ் சினிமாவில் சர்வர் என்றால் தட்டை வைத்துவிட்டுப் போகிறவன். ஊரை விட்டு வந்து கல்லாப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று வாழ்நாளைக் கழித்த எத்தனையோ பேர், அந்தப் படத்தில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1965-ல், பாலசந்தர் டைரக்டர் ஆனார். முதல் படம் 'நீர்க்குமிழி'. கதாநாயகன் நாகேஷ். கதை முழுவதும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. சாகப் போகும் ஒரு நோயாளி, மற்ற நோயாளிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறான். நாகேஷின் வயிற்றுவலிக்காரன் வேடமும் நோயாளி வேடம்தான். அன்று ஜனங்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இந்த நோயாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

ஆபீஸ்காரர்கள் எடுத்த படம்

1968-ல் வந்த 'எதிர்நீச்சல்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் மேடையில் நடந்து பிறகு படமானது. பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீடு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலையில் படுத்துக்கொள்ளும் அநாதைப் பையன் மாது. எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்கிறான். மிஞ்சியதைச் சாப்பிடுகிறான். எப்படியாவது படித்து முன்னேற வேண்டும் என்பது அவன் ஆசை. மும்பையின் 'சால்' வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியது இல்லை. ஒரு குழாய், நூறு குடம், எல்லோர் வீட்டுச் சங்கதியும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் படத்தில் பங்கு பெற்றவர்களைப் பாருங்கள். கதை-வசனம், டைரக்‌ஷன்: அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் இருந்து வந்த பாலசந்தர். மாது: ரெயில்வேயில் இருந்து வந்த நாகேஷ். கிட்டு மாமா: அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் இருந்து வந்த ஸ்ரீகாந்த். இசை: டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்த வி.குமார். நாயராக வந்தவர், பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் நடித்ததால் பெயரோடு 'மேஜர்' சேர்ந்த சுந்தரராஜன். பாட்டு: கிளப் ஹவுசில் வெறும் கையோடு இருந்த வாலி!

மாலை 5 மணிக்கு மேல் கனவு கண்டவர்கள் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். அது 50 ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்கிறது.

வேலையை விடலாமா?

நாகேஷ் கதையைக் கேட்டதும் சில வாலிபர்களுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதக் கை துறுதுறுக்கும். அவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்.

பாலசந்தர் உடனே வேலையை விடவில்லை. எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு 1964-ல் வசனம் எழுதியபோதும் அவர் ஆபீஸ் ஊழியரே. 'சர்வர் சுந்தரம்' படமானபோதும் அவர் ஆபீஸ் ஊழியரே. காலடியில் மண் உறுதியான பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைத்தார். நாகேஷ் அப்படி அல்ல. பாலம் கட்டும் முன்பே ஆற்றில் குதித்தவர்.

இருவரும் கரை சேர்ந்தார்கள். ஆனால் குதித்தவர்கள் எல்லோரும் நாகேஷ் ஆகவில்லை. நாகேஷைப் போலவே வேலையை விட்டுவிட்டுக் கோடம்பாக்கத்தில் அலைந்து, பெயர் இல்லாமல் போனவர்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவது இல்லை.

நாகேஷும் சும்மா குதிக்கவில்லை. துண்டு வேடத்தையும் முழு வேடமாக எண்ணி உழைத்தார். தெருவில் போகிறவரின் நடையை, கோவில் வாசலில் நிற்பவரின் முனகலைக் கண்ணால் பிடித்து மனதில் பூட்டி வைத்தார். நடனம் முறையாகப் படித்தவர் அல்ல. ஆனால் 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், அந்த உடம்பில் எலும்பு இருக்கிறதா என்ற சந்தேகம் வரும்.

இறக்கமும் ஏற்றமும்

எந்த நடிகருக்கும் ஒரு இறக்கம் உண்டு. 1970-களில் நாகேஷுக்கும் அது வந்தது. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதிய நகைச்சுவை நடிகர்கள் வந்தார்கள். ஒரே சமயத்தில் பல படங்களுக்கு ஓடிய மனிதர், வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை. விட்டுவிட்டு வந்த ரெயில்வே நாற்காலி அப்போது அவர் ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ!

அந்த நேரத்திலும் அவர் நின்று காட்டிய படம் ஒன்று உண்டு. 1975-ல் வந்த 'அபூர்வ ராகங்கள்'. ரஜினிகாந்த் அறிமுகமான படம். அதில் நாகேஷ் குடிக்கு அடிமையான டாக்டராக வருவார். கையில் கோப்பையோடு, சுவரில் விழும் தன் நிழலோடு சேர்ந்து குடிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சிரிப்பு நடிகர் என்ற பெயருக்குள் எவ்வளவு தனிமை ஒளிந்து கிடந்தது என்று அன்று தெரிந்தது.

சென்னை தியாகராய நகரில் 'நாகேஷ் தியேட்டர்' என்று சொந்தமாக ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். ஒரு காலத்தில் விடுதி அறையில் ஒண்டிக் கிடந்த அதே தியாகராய நகர்! பின்னாளில் அந்தக் கொட்டகை கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. 1985-ல் மகன் ஆனந்த்பாபு நடிக்க, 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்ற படத்தையும் டைரக்ட் செய்தார்.

அவருக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தவர்களில் முக்கியமானவர் கமலஹாசன். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாகேஷை வில்லன் ஆக்கினார். ஜனங்கள் திகைத்துப் போனார்கள். சிரிக்க வைத்த அதே முகம் பயப்பட வைத்தது. அடுத்த ஆண்டு 'மைக்கேல் மதன காமராஜன்'. 1994-ல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் இன்னொரு அதிசயம். பிணமாக நடித்தார்! வசனம் இல்லை. கண் திறக்கக் கூடாது. கை கால் தானாக அசையக் கூடாது. எந்த முகத்தசையால் பேர் வாங்கினாரோ, அது எதையும் உபயோகிக்காமல் கொட்டகையைச் சிரிக்க வைத்தார்.

ஒரே ஒரு தேசிய விருது

அதே 1994-ல் வந்தது 'நம்மவர்'. அதில் நாகேஷ் மகளைப் பறிகொடுத்த தகப்பன். அந்த வேடத்துக்காகத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 60 வயது கடந்துவிட்டது. தருமிக்குக் கிடைக்கவில்லை. மாதுவுக்குக் கிடைக்கவில்லை. சர்வர் சுந்தரத்துக்குக் கிடைக்கவில்லை. சிரிக்க வைத்ததற்காக டெல்லி அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அழ வைத்த பிறகுதான் கொடுத்தது.

தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. வேறு மாநிலத்தில் பிறந்திருந்தால், வேறு பாஷையில் நடித்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படுகிறார்கள்.

2008-ல் வந்த 'தசாவதாரம்' வரை நடித்தார். 2009-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 75. அவரை வைத்து நாடகம் எழுதிய பாலசந்தரும், ஒரே விடுதியில் இருந்த வாலியும் அப்போது உயிரோடு இருந்தார்கள். வாலி 2013-லும், பாலசந்தர் 2014-லும், ஸ்ரீகாந்த் 2021-லும் மறைந்தார்கள். கிளப் ஹவுஸ் கூட்டம் கலைந்துவிட்டது.

ரெயில்வேயிலேயே இருந்திருந்தால் நாகேஷ் 1991-ல் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருப்பார். பிராவிடண்ட் பண்டும் பென்சனும் கிடைத்திருக்கும். வயதான காலத்தில் மூன்றாம் பிளாட்பாரத்தில் நின்று, 'ஒரு காலத்தில் எம்.ஜி.ஆர். என் நடிப்பைப் பாராட்டினார்' என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகள் நம்பி இருக்கமாட்டார்கள்.

அடுத்த முறை பக்கத்து மேஜைக்காரர் மெகமூத் கதையைச் சொல்லும்போது, அவர் முழுதும் சிரித்து முடிக்கும் வரை காத்திருங்கள். பிறகு செல்போனில் செல்லப்பா கதை சொல்லும் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது என்று யோசிக்க வேண்டாம். அந்தக் காட்சிக்குத் தமிழ் தெரிய வேண்டியது இல்லை. பார்த்து முடித்ததும், 'யார் இவர்?' என்று அவரே கேட்பார். சொல்லுங்கள்: ரெயில்வே குமாஸ்தாவாக இருந்தவர், நம்மைப் போலத்தான் ஊரை விட்டு வந்தவர், பெயர் நாகேஷ்.